கலைச்சொல்: வெள்ளத்தில் ‘தணிவது’ எது? கழிவுநீர் நிலையங்களுக்கான நிதி பற்றி

கிளிநொச்சியிலிருந்து:

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் மலக்கழிவு பவுசர் (கழிவை உறிஞ்சி ஏற்றிச் செல்லும் தாங்கி வண்டி) ஓட்டுபவர்களுக்கும் ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வெள்ளத்திலிருந்து காக்க அரசு காசு கொடுக்கும் முறை பற்றி அதில் ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. ‘ஹசார்ட் மிட்டிகேஷன் ஃபண்டிங்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்கு ‘அனர்த்தத் தணிப்பு நிதி’ என்று போட்டிருக்கிறேன். வாசித்துப் பார்த்த உத்தியோகத்தர் ஒருவர், “இது நிவாரணக் காசுதானே, பிள்ளை?” என்று கேட்டார்.

இன்னொரு சோடிச் சொல்லும் இருக்கிறது: ‘ட்ரை ஃப்ளட்புரூஃபிங்’, ‘வெட் ஃப்ளட்புரூஃபிங்’. முதலாவது, தண்ணீரை உள்ளே விடாமல் காப்பது. இரண்டாவது, தண்ணீர் உள்ளே வந்தாலும் பொருள் கெடாமல் காப்பது. ‘நீர்புகாக் காப்பு’, ‘நீர்புகு காப்பு’ சரிவருமா?

மதுரையிலிருந்து:

எங்கள் பக்கம் ‘பேரிடர் தணிப்பு நிதி’ நன்றாகவே ஊன்றிவிட்டது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் மீட்புக்கு ஒரு நிதியும் தணிப்புக்கு ஒரு நிதியும் தனித்தனியாக உண்டு. 15ஆவது நிதிக்குழு இரண்டையும் 80க்கு 20 என்று பங்கிட்டது. ஆக, தணிப்பு என்றால் நிவாரணம் இல்லை என்பது கோப்பு பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மக்களுக்குப் புரிய வேண்டும் என்றால் ‘வருமுன் காப்பு நிதி’ என்று வைத்துவிடுங்கள். பழகிய தொடர், விளக்கம் தேவையில்லை.

வவுனியாவிலிருந்து:

தங்கச்சி, அந்த உத்தியோகத்தர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ‘அனர்த்தத் தணிப்பு’ என்றால் தணிவது அனர்த்தம் என்றாகிறது. மழையை யார் தணிப்பது? இரணைமடுக் குளம் நிரம்பினால் வான்கதவைத் திறக்கத்தான் வேண்டும், கனகராயன் ஆறு பெருகத்தான் செய்யும். 2018 டிசம்பரில் கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எவ்வளவு காசு கொட்டினாலும் அந்த மழை ஒரு துளி குறையாது. குறையக்கூடியது சேதம் மட்டும்தான். அதனால் என் முன்மொழிவு ‘சேதத்தணிப்பு நிதி’. வெள்ளத்துக்குப் பிறகு கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தில் ‘சேத விபரம்’ எழுதிப் பழகிய சனம் நாங்கள். சேதம் என்றால் எங்கே எதைக் கணக்கெடுப்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. காலநிலைக்காரர்களும் ‘மிட்டிகேஷன்’ என்கிறார்கள், ஆனால் அவர்கள் சொல்வது கரியமில வாயுவைக் குறைப்பதை. அவர்களும் ‘தணிப்பு’ என்றுதான் எழுதுகிறார்கள். ஒரே கூட்டத்தில் இரண்டு திணைக்களங்கள் இருந்தால் முதல் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். ‘உமிழ்வுத் தணிப்பு’, ‘சேதத்தணிப்பு’ என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் குழப்பமில்லை. மதுரை நண்பரின் ‘தணிப்பு’ம் கைவிடப்படாது.

‘வருமுன் காப்பு’ நல்ல தொடர். ஆனால் தங்கச்சியின் கையேடு பேசும் நிதிக்குப் பொருந்தாது. அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 404ஆம் பிரிவு என்று ஒன்று. சனாதிபதி ஓர் இடத்தைப் பேரனர்த்தப் பகுதி என்று அறிவித்த பிறகுதான் அந்த மானியம் திறக்கும். செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு கொடுக்கும், மிச்சத்தை மாநிலமோ ஊராட்சியோ போட வேண்டும். செலவைவிடத் தவிர்க்கப்படும் இழப்பு குறையக்கூடாது என்று கணக்கும் காட்ட வேண்டும். அதாவது, இந்த வெள்ளத்தால் வருகிற காசு, அடுத்த வெள்ளத்துக்காகச் செலவாகிறது. வெள்ளம் வந்த பின் கைக்கு வரும் காசை ‘வருமுன்’ என்றால் கேட்கிறவர் தலையைச் சொறிவார். அனர்த்தம் எதுவும் நடக்காமலே கொடுக்கிற திட்டங்களும் அந்த நாட்டில் தனியாக இருந்தன. ‘வருமுன் காப்பு நிதி’யை அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அச்சாவாகப் பொருந்தும்.

அதே சட்டத்தின் 406ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. உடைந்ததைத் திருத்தும்போதே, அதே இடத்தில், முன்பு இருந்ததைவிட உறுதியாகச் செய்ய மேலதிகமாகக் கொடுப்பது. தங்கச்சி, கையேட்டில் இதை ‘புனரமைப்பு’க்குள் போட்டுவிடாதீர்கள். நிவாரணம் என்றால் சமைத்த சாப்பாடும் பாயும். புனரமைப்பு என்றால் இருந்தபடி திருப்பிக் கட்டுவது. இருந்தபடி கட்டினால் அடுத்த மழைக்கும் அதே மோட்டார்தான் அதே பள்ளத்தில் கிடக்கும்.

கழிவுநீர் நிலையத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது பள்ளத்தில்தான் இருந்தாக வேண்டும். ஊர்க் கழிவெல்லாம் தன்பாட்டில் ஓடிவர வேண்டும், சுத்திகரித்த தண்ணீர் ஆற்றிலோ கடலிலோ விழ வேண்டும். மேட்டில் கட்டினால் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மின்கட்டணம் கட்டி மாளாது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் பே பார்க் நிலையத்துக்குள் கடல் புகுந்து, இரண்டு நாளுக்கு மேல் நிலையம் செத்துக் கிடந்தது. அந்தப் புயலால் கிழக்குக் கரையோரத்தில் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறிய கழிவுநீர் 1,100 கோடி கலன் என்று கணக்கிட்டார்கள். பிறகு பே பார்க்கைத் திருத்தவும் உறுதியாக்கவும் அவர்களின் மத்திய அனர்த்த நிறுவனமான ஃபீமா சுமார் 81 கோடி டொலர் ஒதுக்கியது. 2010 மார்ச்சில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வொரிக் நகரில் நடந்தது எங்களுக்கு இன்னும் கிட்ட. அங்கே நிலையத்தைச் சுற்றி மண் அணை இருந்தது. ஆறு அதை மேவிப் பாய்ந்து நிலையத்தை மூழ்கடித்தது. பிறகு அந்த அணையை உயர்த்தினார்கள். ‘மேவிப் பாய்தல்’ என்பதைக் கையேட்டில் அப்படியே எழுதலாம். குளக்கட்டைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அதற்கு விளக்கம் வேண்டாம்.

சரி, அந்தச் சோடிச் சொல். ‘நீர்புகா’, ‘நீர்புகு’ வேண்டவே வேண்டாம். எழுத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும். மழை கொட்டுகிற இரவில் தொலைபேசியில் சொன்னால்? ஒருவர் கதவை அடைப்பார், மற்றவர் திறந்துவிடுவார். என்னுடைய சொற்கள்: தண்ணீரை வெளியே மறிப்பது ‘தடுகாப்பு’. தண்ணீர் உள்ளே வந்தாலும் பழுதாகாமல் நிற்பது ‘தாங்குகாப்பு’. இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. அதனால் இடையில் வல்லினம் மிகாது. தயவுசெய்து யாரும் திருத்துகிறேன் என்று ‘க்’ போட்டுவிடாதீர்கள். ‘தடுக்காப்பு’ என்றால் எதையும் தடுக்காத காப்பு என்றாகிவிடும்!

தாங்குகாப்பு ஏன் வேண்டும், எல்லாவற்றையும் தடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. சாதாரணக் கட்டடச் சுவர் ஏறத்தாழ 3 அடித் தண்ணீரைத்தான் வெளியே மறித்து நிற்கும். அதற்கு மேல் மறித்தால் சுவரே உள்ளே சரியும். தொட்டி என்றால் இன்னொரு வில்லங்கம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பிளாஸ்ரிக் மலத்தொட்டி ஒன்றைப் புதிதாகப் புதைத்தார்கள். பாவனைக்கு வரவில்லை, உள்ளே வெறுமை. மழைக்கு நிலத்தடி நீர் ஏற, தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்து, பொருத்திய குழாயையும் முறித்துக்கொண்டு முற்றத்தில் சரிந்து கிடந்தது. கொங்கிரீட் தொட்டிக்கும் இதே விதிதான், வெறுமையாக இருந்தால் நிலத்தடி நீர் தூக்கும். அந்த நேரத்தில் தொட்டிக்குள் தண்ணீரை விட்டு நிரப்புவதுதான் காப்பு. இதற்கு ‘நீர்புகாக் காப்பு’ என்று பெயர் வைத்தால் தொட்டி போய்விடும்.

வன்னியில் அமெரிக்கா மாதிரி நகரளவு நிலையம் எங்கே இருக்கிறது என்றும் யாராவது கேட்கக்கூடும். எங்களுக்கு மலக்குழியும் பவுசரும், பவுசர் கொண்டுபோய்க் கொட்டுகிற இடமும்தான். ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் சிறு நிலையங்கள் உண்டு. அவற்றைப் பார்த்தால் காற்றூதும் மோட்டாரும் மின்பலகையும் பெரும்பாலும் தரையோடு தரையாகப் பொருத்தியிருக்கும். நான்கு அடி மேடை ஒன்றைக் கட்டி மோட்டாரையும் மின்பலகையையும் அதில் ஏற்றிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் நிலையத்தை ஓட்டத் தொடங்கலாம். இல்லாவிட்டால் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்துச் சுருள் சுற்றி வரும்வரை, தொட்டியில் கழிவைத் தின்னுகிற நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் செத்துப்போகும். அவற்றைத் திருப்பி வளர்த்தெடுக்கக் கிழமைக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் கழிவு பக்கத்துக் கிணறுகளுக்குத்தான் போகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) குளோரினோடு வீடு வீடாக அலைய வேண்டியதுதான்.

மதுரையிலிருந்து:

404 விவகாரம் தெளிவாயிற்று ஐயா, ‘சேதத்தணிப்பு’ எனக்குச் சம்மதம். ஆனால் ‘தாங்குகாப்பு’ என்றால் தூண் வைத்துத் தாங்குவது போலக் கேட்கிறதே? ‘ஈரக்காப்பு’, ‘உலர்காப்பு’ என்று மூலத்தின் போக்கிலேயே போனால் என்ன?

கிளிநொச்சியிலிருந்து:

அண்ணை, இரண்டு சோடியையும் பவுசர் ஓட்டுகிற ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். ‘ஈரக்காப்பு’ என்றதும், ஈரம் படாமல் காப்பதா என்று கேட்டார், நேர் எதிர்! ‘தடுகாப்பு’ உடனே பிடிபட்டது. ‘தாங்குகாப்பு’க்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வெள்ளத்தைத் தாங்கிறது” என்றார். மதுரை அண்ணா குறை நினைக்க வேண்டாம், இந்தச் சோடியையே எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘வெள்ளத் தாங்குகாப்பு’ என்று முழுதாக எழுதுகிறேன்.

மின்பலகையை மேலே வைப்பதற்குத் தனிச் சொல் வேண்டுமா?

வவுனியாவிலிருந்து:

வேண்டாம், ‘மேடையேற்றம்’ என்றால் நாடகம் போடப் போகிறோம் என்று நினைப்பார்கள். ‘உயர்த்தி வைத்தல்’ போதும். எல்லாவற்றுக்கும் கலைச்சொல் தேவையில்லை.

சொல் தேவைப்படுவது வேறொன்றுக்கு. ஆறு பெருகும்போது, சுத்திகரித்த நீர் வெளியேறும் குழாய் வழியாகவே வெள்ளம் பின்னோக்கி நிலையத்துக்குள் ஏறும். அதை மறிக்க, குழாயின் வாயில் மேலே கீல் வைத்த ஒரு தட்டைத் தொங்கவிடுவார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். ‘துருசு’ (குளத்து மதகின் அடைப்புக் கதவு) என்று சொல்ல ஆசைதான், ஆனால் துருசை ஆள் போய்த் திறக்க வேண்டும், இது தானாக இயங்குவது. ‘ஒருவழிக் கதவு’ என்றால் வீதிப் போக்குவரத்து நினைவுக்கு வருகிறது. மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் உவர்நீர்த் தடுப்பணைகளில் வேலை செய்கிறவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், அங்கே இதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.