போர்க்கைதி சிப்பாயின் தகரப்பெட்டி: லேமினேட் செய்யலாமா, எங்கே விசாரிப்பது?

வேலந்தாவளம்வாசி கேட்டது:

கொழிஞ்சாம்பாறை பக்கத்து வாயனசாலை (நூலகம்) ஒன்றுக்கு ஒரு குடும்பத்தார் பழைய தகரப்பெட்டி கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்த சிப்பாயுடையது. உள்ளே 16 அஞ்சலட்டை, 4 மடிப்புக் கடிதம், ஒரு தந்தி, டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், நடுவில் வரிசையாக ஓட்டை போட்ட சாம்பல் நிறத் தகடு, ஒரு நட்சத்திரப் பதக்கம், ஒரு வட்டப் பதக்கம். அட்டைகளில் 9 இத்தாலிய மொழியில் அச்சடித்தது, 7 ஜெர்மன். எழுத்து பென்சில் மாதிரி இருக்கிறது, சில இடத்தில் மட்டும் ஊதா மசியாகப் பரவியிருக்கிறது. இரண்டு கடிதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. வெள்ளைப் பூஞ்சை, ராமபாணப் பூச்சி அரிப்பு, துருப்பிடித்த குண்டூசி எல்லாம் உண்டு.

கமிட்டியில் "லேமினேட் பண்ணி ஆகஸ்ட் 15-க்கு சுவரில் மாட்டிடலாம்" என்கிறார்கள். சரியா? ஒட்டியதைப் பிரிக்க ஆவி காட்டலாமா? டிஸ்சார்ஜ் தாளில் ஊர் "சித்தூர்" என்று மட்டும் தெரிகிறது, ஜில்லா பெயர் மடிப்பில் கிழிந்துவிட்டது. ராணுவ விவரம் எங்கே கேட்பது? கடிதங்களில் "நலம், நலமறிய ஆவல்" தவிர எதுவும் இல்லை. அவற்றில் பார்க்க என்னதான் இருக்கிறது?

பழந்தாள் பதில்:

லேமினேட் வேண்டாம், முதலில் அதை நிறுத்துங்கள். சூட்டில் உருகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. செலோ டேப்பும் கூடாது. சில வருடத்தில் மஞ்சளாகிக் கறை மட்டும் மிஞ்சும்.

ஆவியும் வேண்டாம். அந்த ஊதாதான் காரணம். அது காப்பியிங் பென்சில். உள்ளே கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்திருக்கும். காய்ந்திருக்கும்வரை சாதாரண பென்சில் போலச் சாம்பலாகத் தெரியும், ஈரம் பட்டதும் ஊதாவாக ஊறிப் பரவும். உங்கள் தாளில் ஊதா தெரியும் இடமெல்லாம் எப்போதோ தண்ணீரோ வியர்வையோ எச்சில் விரலோ பட்ட இடம். ஆவி காட்டினால் முழுக் கடிதமும் அப்படி ஆகும். ஒட்டிய இரண்டையும் அப்படியே ஒரு தாள் உறையில் வையுங்கள். பிரிக்க வேண்டுமானால் காகிதப் பராமரிப்பு பயின்றவர் கையால்தான்.

பூஞ்சை தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அது காய்ந்தது, பிசுபிசுத்தால் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பதை முதலில் நிழலில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத அறையில் உலரவிடுங்கள். வெயிலில் காயப்போட்டால் தாள் சுருண்டு பழுப்பாகும். காய்ந்தபின் வெளித்திண்ணையில், முகக்கவசத்தோடு, மெல்லிய மயிர்த்தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். துணியால் துடைத்தால் பூஞ்சை நாருக்குள் அமுங்கிவிடும்.

ராமபாணத்துக்குப் பாச்சை உருண்டை போடாதீர்கள். மூக்குக்கும் கெடுதல், பிளாஸ்டிக் உறையையும் இளக்கும். தாள்களை மட்டும் இரண்டு பாலித்தீன் பைக்குள் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் 24 மணிநேரம் பையைப் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாளில் வெளிக்காற்றின் ஈரம் வியர்த்து, அதே ஊதா கதைதான். இது பூச்சிக்கு மட்டும் மருந்து. பூஞ்சை குளிரில் சாகாது, தூங்கும்.

குண்டூசியை இழுக்காதீர்கள், துரு தாளோடு பிடித்திருக்கும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிம் துண்டைச் செருகி, அதன் மேல் ஊசியை வழுக்கி எடுங்கள்.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், ஆனால் தாள்களைத் திரும்ப அதற்குள் வைக்கவும் வேண்டாம். அமிலமில்லாத அட்டைக் கோப்பு, அதை இரும்பு பீரோவின் நடுத்தட்டில். தரைத்தட்டும் மழைச்சாரல் அடிக்கும் சுவரும் ஆகாது. ஜூன், ஜூலையில் நம் பக்கத்து ஈரத்துக்கு நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும். அது தாளைத் தொடாமல் இருக்க வேண்டும். நிறம் மாறியதும் வறுத்து உலர்த்தணும், யாரும் செய்வதில்லை.

அஞ்சல்முத்திரை பதில்:

"பார்க்க என்ன இருக்கிறது" என்று கேட்டதற்கு: கைதிக் கடிதத்தில் எழுதியதைவிட அதன் முன்பக்க முத்திரைகள்தான் அதிகம் சொல்லும். ஆகவே அழுக்கு என்று நினைத்து எதையும் அழிக்காதீர்கள்.

தபால்தலை இல்லையே என்று யோசிக்க வேண்டாம். 1929 ஜெனீவா ஒப்பந்தப்படி கைதிகளின் தபாலுக்குக் கட்டணம் கிடையாது. இத்தாலிய அட்டைகளில் "பி.ஜி." என்பதற்குப் பக்கத்தில் இருப்பது முகாம் எண், "பி.எம்." பக்கத்தில் இருப்பது ராணுவ அஞ்சல் எண். பி.ஜி. 91 என்றிருந்தால் அவெஸ்ஸானோ, இந்தியர்கள் அதிகம் இருந்த முகாம். ஜெர்மன் அட்டைகளில் "ஸ்டாலாக்" (கைதி முகாம்) என்ற சொல்லுக்குப் பின் பெரும்பாலும் ரோமன் எண்ணும் எழுத்தும் வரும். 4 டி இசட் என்றால் அன்னாபுர்க். ஃபிரான்ட்ஸ்டாலாக் 315 என்றால் பிரான்சின் எபினால். 1944 மே 11-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது இந்தியக் கைதிகள் பலர் தப்பி சுவிட்சர்லாந்துக்குப் போனது அங்கிருந்துதான். "கெப்ரூஃப்ட்" என்ற முத்திரை முகாம் தணிக்கைக்காரருடையது, கூடவே ஒரு எண் இருக்கும்.

ஒவ்வொரு அட்டைக்கும் மூன்று தேதி குறியுங்கள்: அவர் எழுதியது, முகாம் முத்திரை, இந்தியாவில் விழுந்த முத்திரை. வரிசைப்படுத்தினால் 1943 செப்டம்பரை ஒட்டி ஒரு இடைவெளி வர வாய்ப்பு அதிகம். அந்த மாதம் 8-ஆம் தேதி இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானது. கைதிகளில் ஒரு பங்கை ஜெர்மானியர் ரயிலில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். அட்டை தொலைந்ததென்று முடிவு கட்டாதீர்கள்.

ஓட்டைத் தகடு கைதி அடையாளத் தகடு. மேலும் கீழும் ஒரே எண் இருக்கும். இறந்தால் ஓட்டை வரிசையில் ஒடித்து ஒரு பாதியைப் பிணத்தோடு விடுவார்கள். முழுசாக இருப்பதால் ஆள் உயிரோடு வந்தவர். அதிலுள்ள முகாம் அவரை முதலில் பதிந்த இடம். வேறு முகாமுக்கு மாற்றினாலும் எண் கூடவே போகும், அதனால் தகடும் அட்டையும் வேறு முகாம் சொன்னால் குழம்ப வேண்டாம்.

ஜெர்மன் கடிதத்தாளில் ஒரு வழவழப்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத கள்ளமசியால் எழுதாமலிருக்கப் பூசியது. ரப்பர் போட்டால் பூச்சோடு எழுத்தும் வந்துவிடும். ஸ்கேன் 600 டிபிஐ, வண்ணத்தில், டிஃப் கோப்பாக, இரண்டு பக்கமும், ஓரம் வெட்டாமல். ஊதா எழுத்து மங்கியிருந்தால் படத்தின் பச்சை சேனலை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள், எழுத்து எழும்பி வரும். வெறும் பென்சில் கோட்டுக்கு டார்ச்சைத் தாளோடு படுக்கவைத்து அடியுங்கள், அழுத்திய தடம் நிழலாகத் தெரியும்.

நகரிக்காரன் பதில்:

சித்தூர் விஷயத்தில் கவனம். பட்டியல்களில் இரண்டு சித்தூர் உண்டு. உங்கள் பக்கத்துச் சித்தூர் அன்றைக்குக் கொச்சி சமஸ்தானம். எங்கள் சித்தூர் மதராஸ் மாகாணத்து மாவட்டம், 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து பெரும்பகுதி பிரித்து அமைந்தது. 1960 வரை திருத்தணியும் அதற்குள் இருந்ததால், இந்தச் சித்தூரிலும் தமிழ்ப் பெயர்கள் நிறைய. ஆங்கில எழுத்துக்கூட்டலும் குமாஸ்தா கைக்கு ஏற்ப மாறும். பெயரும் ஊரும் பொருந்துவதை நம்பி வேறொருவர் தாளைச் சேர்த்துவிடுவார்கள். இதேபோல் பாலக்காடும் கொல்லங்கோடும் அன்று மலபார் மாவட்டம், "கேரளா" என்று தேடினால் ஒன்றும் வராது. தபால் ஆபீஸ் பெயர் ஏதாவது அட்டையில் இருந்தால் அதைப் பிடியுங்கள்.

பெயரைவிட ராணுவ எண்தான் ஆதாரம். டிஸ்சார்ஜில் கிழிந்திருந்தால் பதக்கத்தைப் பாருங்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்த அந்தப் போர்ப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வட்டப் பதக்கத்தில் விளிம்பில், நட்சத்திரத்தில் பின்பக்கம். புளி போட்டோ பிராசோ போட்டோ தேய்க்காதீர்கள், விளிம்பெழுத்துதான் முதலில் தேயும்.

எண் கிடைத்தால் அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. பலர் லண்டனுக்கு எழுதிக் காலம் கழிக்கிறார்கள். சாதாரண சிப்பாய்களின் தாள்கள் இந்தியாவிலேயே இருந்தன. பிரிட்டிஷ் நேஷனல் ஆர்கைவ்ஸில் டபிள்யூ.ஓ. 416 என்று ஜெர்மன் கைதி அட்டைகள் சுமார் 1,90,000 உண்டு, தேடிப்பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் தனித்தாள்கள் பல இடத்தில் களையப்பட்டிருக்கும். அதனால் "சர்வீஸ் ரெக்கார்ட் வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் "லாங் ரோல் (படையில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பதிவேடு) பதிவின் நகல்" என்று தனியாகக் கேளுங்கள். வாயனசாலை பெயரில் எழுதினால் பதில் வராது. வாரிசு கையெழுத்து, உறவுச் சான்று, ராணுவ எண், தகப்பனார் பெயர் நான்கும் வேண்டும். பாலக்காட்டு சைனிக வெல்ஃபேர் ஆபீஸ் மூலம் அனுப்பினால் நல்லது.

ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்க ஆவணக்காப்பகமும் கைதி விவரம் தேடித் தரும். ஆனால் வருடத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் மனு வாங்குவார்கள், குறிப்பிட்ட எண்ணிக்கை நிரம்பியதும் மூடிவிடும். தேதியைப் பார்த்து முதல் நாளே போடுங்கள்.

வேலந்தாவளம்வாசி:

நன்றிங்க. டார்ச் அடித்துப் பார்த்ததில் வட்டப் பதக்க விளிம்பில் எண் தெரிகிறது. இன்னொரு சந்தேகம், கடிதம் எல்லாவற்றிலும் "நலம்" என்றே இருப்பது உண்மையா, கட்டாயமா?

மீனாட்சிபுரம்_2 பதில்:

கைதிக் கடிதம் எந்தப் போரிலும் அப்படித்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கைதிகளின் (1861-65) கடிதங்களை எடுத்துப் பாருங்கள். வடக்கத்தி முகாமான ஜான்சன்ஸ் தீவிலிருந்து தெற்கத்தி அதிகாரிகள் எழுதியவை ஒரே பக்கம், குடும்ப விஷயம் மட்டும், "சோதிக்கப்பட்டது" என்ற முத்திரையோடு. வெள்ளைக்கொடி காட்டித் தபால் மாற்றும் இடத்தில் வெளியுறையைப் பிரித்து எடுத்துவிட்டு உள்ளுறையை மட்டும் அடுத்த பக்கத்துக்கு அனுப்பினார்கள். வெளியுறை இல்லாமல் ஒரே உறையில் அனுப்பியவற்றில் வடக்கின் 3 சென்ட், தெற்கின் 10 சென்ட் தலைகள் சேர்ந்தே இருக்கும். தெற்கத்தி முகாமான ஆண்டர்சன்வில்லில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்ததை எந்தக் கடிதத்திலிருந்தும் கணக்கெடுக்க முடியாது. சாவுப் பதிவேட்டை எழுதிய கைதி டோரன்ஸ் ஆட்வாட்டர் ரகசியமாக இன்னொரு பிரதி எடுத்து வெளியே கொண்டுவந்ததால்தான் கல்லறைகளுக்குப் பெயர் போட முடிந்தது. ஆகவே "நலம்" என்பதில் நம்பத்தக்கது ஒன்றே: அந்தத் தேதியில் கை எழுதும் நிலையில் இருந்தது. அட்டைக்கு அட்டை கையெழுத்து மாறினால் குறியுங்கள், காய்ச்சலில் வேறொருவர் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

இதே மாதிரி மலேயா பெட்டி ஏதாவது வந்தால் கணக்கே வேறு. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபின் கைதியான சிப்பாய் ஒரு வகை. 1943-ல் தோட்டத்திலிருந்து ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்த கூலித் தொழிலாளி இன்னொரு வகை, அவர் போர்க்கைதிப் பட்டியலில் இருக்கவே மாட்டார். சிப்பாயாக இருந்து ஐ.என்.ஏ. போனவரைத் திரும்பியபின் விசுவாசத்தில் எவ்வளவு சந்தேகம் என்பதைப் பொறுத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் நீக்கம் என்றிருந்தால் குடும்பத்தார் அதை ஒளித்து வைத்திருப்பார்கள், கேட்கும்போது பக்குவமாகக் கேளுங்கள். 1997-ல் பாதுகாப்பு அமைச்சகம் கொடுத்த 990 ஐ.என்.ஏ. கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

பழந்தாள்:

ஆகஸ்ட் 15-க்கு அசலை மாட்டாதீர்கள், ஸ்கேன் பிரிண்ட் போதும். டியூப் லைட்டுக்கே அனிலின் ஊதா வெளுத்துவிடும். வரிசை எண்ணை அட்டை மேல் பேனாவால் எழுதாமல், உறையில் பென்சிலால் எழுதி, அப்புறம் அட்டையை உள்ளே வையுங்கள். உள்ளே வைத்துவிட்டு எழுதினால் அழுத்தம் அட்டையில் பதியும்.