பனி உண்டோ?

செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 100 கிலோமீட்டர். தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு என்று மலையும் காடும் தாண்டிப் போக மூன்று மணி நேரமாவது ஆகும். மகளுக்கு 5 வயதில் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, சிகிச்சைக்கு அங்கே போய்வந்து அந்த ரோட்டின் வளைவெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

முதல் மாதம் ஸ்டீராய்டு. ராத்திரி 2 மணிக்கு எழுந்து இட்லி கேட்பாள். சுடச்சுட அவித்துக் கொடுத்தால் தின்று முடித்த கையோடு பரோட்டா கேட்டு அழுவாள். கன்னம் உப்பியதைப் பார்த்து, "பிள்ளை நல்லா தேறிட்டாளே" என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அப்புறம் வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி. வீட்டுக்குள் நடக்கும்போது வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அது தெரியாமலே அவள் நாலு எட்டு போயிருப்பாள். அந்த மருந்து நரம்பைப் பாதிக்குமாம், பாதத்தைத் தூக்க முடியாமல் போகுமாம். பிசியோதெரபி கொடுத்து, பல மாதம் கழித்துத்தான் சரியானது.

ஆனால் எல்லாவற்றையும்விட எங்களைக் கலங்கடித்தது ஒரு காய்ச்சல்தான்.

ஆனி மாதம், சாரல் நேரம். பிள்ளை சாயங்காலத்திலிருந்து சோர்ந்து கிடந்தாள். வார்டுக்கு போன் செய்தேன். சிஸ்டர் மலையாளத்தில் "பனி உண்டோ?" என்று கேட்டார். நான் பிறந்தது சங்கரன்கோவில் பக்கம், எனக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனிதான். "இல்ல சிஸ்டர், சாரல்தான் அடிக்குது" என்றேன். அவர் காதில் 'இல்லை' என்பதுதான் விழுந்திருக்கும். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தெர்மாமீட்டர் அலமாரியில்தான் இருந்தது. எடுத்து வைத்துப் பார்க்காதது என் தப்பு.

11 மணிக்குத் தொட்டால் கொதிக்கிறது. 101.4. மறுபடி போன் செய்தோம், "உடனே கிளம்புங்கள், பாராசிட்டமால் கொடுக்காதீர்கள்" என்றார்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே பெருகிக்கொண்டுதான் இருக்கும். வழி நெடுக ஆச்சி பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே வந்தார்கள். குளத்துப்புழைக் காட்டில் எதிரே ஒரு வண்டி வரவில்லை. குளிரில் அவள் பல் தந்தியடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

போனதும் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போனாலே ஆபத்து, அவளுக்கு இருந்தது 180. ஒன்பது நாள் வார்டில் கிடந்தோம். அடுத்த கீமோ இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அந்த இரண்டு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. மருந்து நின்றால் நோய் திரும்பிவிடுமோ என்று பயம். டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார்: "மொத்தச் சிகிச்சையே இரண்டு, மூன்று வருடம் அம்மா. எலும்பு மஜ்ஜை தேறி வர நேரம் கொடுக்கத்தான் வேண்டும். இந்த மாதிரி தள்ளிப்போவது நாங்கள் எதிர்பார்ப்பதுதான்." இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

தூரத்திலிருந்து போகிறவர்கள் 100.4 ஃபாரன்ஹீட் வந்ததும் கிளம்பிவிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். காய்ச்சல் காட்டாவிட்டாலும் குளிர் நடுக்கம் வந்தால் போய்விடுங்கள். பக்கத்து கிளினிக்கில் தொடையில் ஊசி போட வந்தால், கீமோ நடக்கிறது என்று சொல்லித் தடுத்துவிடுங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருந்தால் உள்ளே ரத்தம் கட்டிவிடும். மாற்றுத்துணி, ஃபைல், தெர்மாமீட்டர் எல்லாம் போட்ட பை ஒன்று எங்கள் வாசல் ஆணியில் இன்னும் தொங்குகிறது.

இப்போது மெயின்டனன்ஸ், அதாவது நோய் திரும்பாமல் இருக்கத் தரும் கடைசிக் கட்டச் சிகிச்சை; ராத்திரி மாத்திரைதான். போன மாதம் செக்கப்புக்குப் போனபோது சிஸ்டர் வாயைத் திறக்குமுன் இவளே சொல்கிறாள்: "பனியில்ல சேச்சி!"