இரவுக் குளிசையும் கடலுக்குப் போகிறவரும்

திருகோணமலை நகரிலிருந்து ஒரு மருத்துவர்:

சல்லியிலிருந்து வருகிற மீனவர், வயது 54. நாலு வருடமாக என்னிடம் பிரஷருக்கு மருந்து எடுக்கிறார். மேல் அளவு 160க்குக் கீழே இறங்கியதேயில்லை. மூன்று தடவை மருந்தைக் கூட்டினேன். நாலாவது தடவை கூட்டப் பேனையை எடுத்தபோதுதான், "வீட்டில மிச்சமிருக்கிற குளிசையெல்லாத்தையும் கொண்டு வாங்கோ ஐயா" என்று சொல்லத் தோன்றியது.

அடுத்த கிளினிக்குக்கு ஒரு சொப்பிங் பையோடு வந்து மேசையில் கொட்டினார். காலைக் குளிசை உறைகள் எல்லாம் வெறுமை. 'இரவு 1' என்று எழுதிய காகித உறைகள் உப்புக்காற்றில் நமுத்துப்போய்க் கிடந்தன. பாதிக்கு மேல் குளிசைகள் அப்படியே இருந்தன.

"பின்னேரம் தொழிலுக்குப் போனா விடியத்தான் கரைக்கு வாறன் டொக்டர். இரவுக் குளிசையை விடியப் போடலாமோ எண்டு பயத்தில விட்டிடுவன்."

அந்த 'இரவு' என்ற சொல்லை எழுதியது நான்தான். 2019இல் வெளிவந்த ஸ்பெயினின் ஹைஜியா ஆய்வு, பிரஷர் மருந்தைப் படுக்கப்போகும்போது எடுத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் பெருமளவு குறைகின்றன என்றது. அதை நம்பிப் பலருக்கு மாற்றி எழுதினேன். அப்புறம் அந்த ஆய்வு நடந்த முறை பற்றியே கேள்விகள் எழுந்தன. 2022இல் பிரித்தானியாவின் டைம் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 21,104 பேரை ஐந்து வருடமளவில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்குழாய் நோயால் மரணம் ஆகியவை மாலையில் எடுத்தவர்களில் 3.4 வீதம், காலையில் எடுத்தவர்களில் 3.7 வீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நோயாளிக்கு எந்த நேரம் வசதியோ அந்த நேரம் போதும்.

இதையும் வந்தவுடனேயே வாசித்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு நேரம் கேட்டு எழுதத் தொடங்கினேன். பழைய நோயாளிகளின் கிளினிக் கொப்பிகளை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. மாதாமாதம் 'அதே மருந்து' என்று கையெழுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது அவருடைய கொப்பியில் 'கரைக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம்' என்று எழுதியிருக்கிறேன். மருந்து ஒன்றும் கூட்டவில்லை. இரண்டு மாதத்தில் 138/84. மற்றக் கொப்பிகளையும் ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்த்து மாற்றிக்கொண்டு வருகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு குடும்ப மருத்துவர்:

இதே 'அதே மருந்து' பழக்கத்தால் எனக்கும் ஒரு உம்மாவின் விஷயத்தில் பிழைத்தது. அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து ஒன்றையே 10 மில்லிகிராம் வரை கொண்டுபோனேன். கால் வீங்கி, செருப்புக் கொள்ளாமல், குளிசையையே நிறுத்திவிட்டார்.

2018இல் வெளிவந்த ட்ரையம்ப் ஆய்வை எல்லோரும் ஒருமுறை வாசியுங்கள். வேறெங்குமல்ல, இலங்கையின் ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை வைத்து நடந்தது. டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம், மூன்று பிரஷர் மருந்தும் ஒரே குளிசையில். ஆறு மாதத்தில் 70 வீதமானோர் பிரஷர் இலக்கை எட்டினார்கள். வழமையான சிகிச்சையில் 55 வீதம். பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரு மருந்தை உச்சம்வரை ஏற்றுவதைவிட, இரண்டு மூன்றைக் குறைந்த அளவில் சேர்ப்பது உடம்புக்கு இலகு என்பதைத்தான் இதில் நான் காண்கிறேன்.

அந்தக் குளிசை என் கையில் இல்லை. லொசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் குறைந்த அளவில் சேர்த்து, அம்லோடிபினை 2.5க்கு இறக்கினேன். ஆய்வில் பார்த்தது இதே சேர்க்கை அல்ல என்பதால் இரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் இரண்டு கிழமையில் பார்த்தேன். சரியாக இருந்தன. போன மாதம் கதவடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், பிரஷர் பார்க்க முன்னமே காலை நீட்டிக் காட்டினார். "இப்ப செருப்புக் கொள்ளுது மகன்."