நம் வீட்டுக் குழு: நம் நாய் கருப்பன் உறுமியதைப் பற்றி

சனிக்கிழமை

[காலை 7:42] நான்: அனைவருக்கும் வணக்கம். பாப்பாவே குரல்பதிவு அனுப்பி உங்களைக் கலங்கடிப்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நேற்று மாலை கருப்பன் பாப்பாவைப் பார்த்து உறுமினான். கடிக்கவில்லை, பல் படவில்லை, நகக் கீறல்கூட இல்லை என்பதை விளக்கடியில் உட்கார வைத்துத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டேன். அவன் தன் படுக்கையில் கண்ணயர்ந்திருந்தபோது இவள் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் அவன் காதுக்குள் வாயை வைத்து அன்றைய கதை முழுவதையும் ஒப்பிக்கத் தொடங்கியிருக்கிறாள். நான் மூன்றடி தொலைவில் துணி மடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

[காலை 7:45] அம்மா: படித்ததும் எனக்குக் கை நடுங்குகிறது, கண்ணு. குழந்தை பயந்துவிட்டாளா? இரவு தூங்கினாளா?

[காலை 7:47] நான்: பயப்படவில்லை, அம்மா. அழக்கூட இல்லை. எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "கப்பன் வேணாம் தொல்லுச்சு" என்று அறிவித்தாள். அதன்பிறகு அதையே அவள் அப்பாவிடமும், பொம்மையிடமும், குளியலறைக் கண்ணாடியிடமும், செம்பியிடம் இரண்டு முறையும் சொன்னாள். தூங்குவதற்கு முன் கடைசியாக வாயிலிருந்து வந்ததும் அதுதான்.

[காலை 7:53] சித்தி: நீ இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டே கால் வயதுக் குழந்தையின் முகமும் அவன் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்பதை மறந்துவிடாதே. நேற்று உறுமியவன் நாளை கடிக்கமாட்டான் என்பதற்கு யார் பொறுப்பேற்பது? குழந்தைக்கு விவரம் தெரியும் வரை அவனை நம்பகமான யாரிடமாவது விட்டுவைப்பதில் தவறில்லை. அவன்மேல் பாசமில்லாமல் இதைச் சொல்லவில்லை. குட்டியாக இருந்தபோது இரவெல்லாம் முனகிய அவனை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

[காலை 7:58] அம்மா: தடுப்பூசியெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறதா? குழந்தைக்கு ஏதாவது ஊசி போட வேண்டுமா?

[காலை 8:01] நான்: கருப்பனுக்கும் செம்பிக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறாமல் போடப்பட்டு வருகிறது, அம்மா. பாப்பாவின் தோலில் எந்தக் காயமும் இல்லை என்பதால் இப்போது எதுவும் தேவையில்லை. சிறிய கீறல் இருந்திருந்தால்கூட, அவன் ஊசி போட்ட நாய்தானே என்று பார்க்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போயிருப்பேன்.

[காலை 8:06] பாப்பா அப்பா: சின்ன அத்தை சொல்லும் உயரக் கணக்கு முற்றிலும் உண்மை. அதே நேரத்தில் நேற்று நான் செய்த ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். உறுமல் கேட்டதும் ஓடிவந்து கருப்பனை அதட்டி, பக்கத்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் அவனை அப்படி நான் அதட்டியதே இல்லை. உள்ளே போகும்போது அவன் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

[காலை 8:21] நான்: சித்தி, உங்கள் அச்சம் எனக்கும் இருக்கிறது; இரவு முழுவதும் அதை நினைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். ஆனால் உறுமியதற்காக அவனைத் தண்டிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடிக்கும் நிலைக்குப் போகாமல் தப்பிப்பதற்காகவே பெரும்பாலும் நாய் உறுமுகிறது. உறுமும்போதெல்லாம் அதட்டலும் அடியும் வாங்கும் நாய் உறுமுவதை விட்டுவிடும். அதனுள் இருக்கும் அச்சமோ வலியோ அப்படியே இருக்கும். அத்தகைய நாய்தான் ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் வாயை வைக்கிறது. பிடிக்காதபோது "வேண்டாம்" என்று சொல்லலாம் என்று பாப்பாவுக்கு நாம் எல்லோரும் சேர்ந்துதான் கற்றுக்கொடுத்தோம். தன்னைத் தூக்க வரும் பெரியவர்களிடமும் அவள் அதைத் தாராளமாகச் சொல்லிவருகிறாள். அதே சொல்லைக் கருப்பன் தன் மொழியில் சொன்னதற்கு அவனை நாடு கடத்துவதா?

[காலை 8:30] அப்பா: நாடு கடத்துவது என்பது சற்று மிகையான சொல்லாட்சி. மற்றபடி வாதம் நன்றாக இருக்கிறது. இக்குழுவில் எழுத்துத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நான் வைத்த விதி, கோபத்திலும் மீறப்படாமல் இருப்பதைக் கண்டு மகிழ்கிறேன்.

[காலை 8:32] அண்ணன்: பாப்பா பேசும் சொற்களை அப்பா ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறாரே, அதில் கருப்பனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டதாக 2011ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையே வந்தது. நாம் சொல்வதை நாய் இவ்வளவு கற்றுக்கொள்ளும்போது, நாய் சொல்லும் நான்கைந்தையாவது நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா என்று கேட்கத் தோன்றுகிறது.

[காலை 9:14] அண்ணி: அந்த நான்கைந்தும் நம் குழுவிலேயே இருக்கின்றன. நேற்று மாலை 5:50 மணிக்குப் பாப்பாவின் அப்பா ஒரு காணொளி அனுப்பியிருந்தார் அல்லவா, பாப்பா கருப்பனின் மேல் சாய்ந்துகொண்டு பேசும் 40 விநாடிக் காணொளி? அதை இப்போது ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன், ஏனென்றால் ஒலி இருந்தால் பாப்பாவைத் தவிர வேறு எதிலும் கவனம் நிற்பதில்லை. 9ஆம் விநாடியில் அவன் கொட்டாவி விடுகிறான். அது தூக்கக் கொட்டாவி போலத் தெரியவில்லை. சங்கடத்தில் இருக்கும் நாய்களும் கொட்டாவி விடும். 14ஆம் விநாடியில் எதிரே உணவே இல்லாதபோது உதட்டை நக்குகிறான். 20ஆம் விநாடியில் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்கிறான். கண்ணின் வெள்ளைப் பகுதி பிறைபோலத் தெரிகிறது. அதற்குப் பிறகு உடம்பே அசையவில்லை. பத்து நிமிடம் கழித்து உறுமியவன், அதற்கு முன்பே மூன்று முறை தணிந்த குரலில் சொல்லிப் பார்த்திருக்கிறான். நாம் ஏழு பேரும் அந்தக் காணொளிக்குச் சிவப்பு இதயம் அனுப்பினோம். நானும்தான்.

[காலை 9:17] பாப்பா அப்பா: "என்ன அன்பு பாருங்கள்" என்று அதன் கீழே எழுதியவன் நான். இதற்குமேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

[காலை 9:21] அண்ணி: இன்னும் ஒன்று. 27ஆம் விநாடியிலும் 33ஆம் விநாடியிலும் தலையை வலப்பக்கமாகச் சாய்த்து உதறுகிறான். அது சங்கடத்தால் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

[காலை 9:30] நான்: வயதானதால் எரிச்சல் கூடியிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். முன்பெல்லாம் பாப்பா அவன்மேல் ஏறி உருண்டாலும் பேசாமல் கிடப்பான்.

[காலை 9:34] அண்ணன்: நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டு என்ற பழைய கணக்கு சரியானதல்ல. 2020ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏவில் வயதுடன் சேரும் வேதி மாற்றங்களை மனிதர்களுடையவற்றோடு ஒப்பிட்டு ஒரு சூத்திரம் தந்தார்கள். நம் கருப்பனும் லாப்ரடார் என்பதால் போட்டுப் பார்த்தேன்; ஒன்பது வயதுக்கு 66 வருகிறது. அதாவது அப்பாவும் அவனும் ஒரே வகுப்பு.

[காலை 9:36] அம்மா: மதியம் சாய்வு நாற்காலியில் கண்ணயரும்போது எழுப்பினால் உங்கள் அப்பாவும் அப்படித்தான் உறுமுவார்.

[காலை 9:37] அப்பா: பதில் கூற விரும்பவில்லை.

[முற்பகல் 11:08] அப்பா: அனைவரும் கவனிக்கவும். மருமகள் எழுதியதைப் படித்த பிறகு என் மனத்தில் ஏதோ உறுத்தியது. பாப்பா எனக்கு நாள்தோறும் அனுப்பும் குரல்பதிவுகளை நான் அழிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வாரத்தின் பதினான்கு பதிவுகளையும் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து கேட்டேன். செவ்வாய்க்கிழமைப் பதிவு மூன்று நிமிடம் நீள்கிறது. அதில் நிலா, வாளி, செம்பி கவ்விக்கொண்டு போன ஒற்றைக் காலுறை, ஒரு பெயர் தெரியாத பூச்சி ஆகியவற்றுக்கு நடுவே, "கப்பன் காது உவ்வா, தலை இப்பிடி இப்பிடி" என்று தெளிவாகச் சொல்கிறாள். புதன்கிழமை அதையே இருமுறை சொல்கிறாள். வியாழக்கிழமைப் பதிவில், "காது நாத்தம்" என்ற ஒரு தொடரும் இருக்கிறது. அதை நான் புதிய சொல் என்று குறிப்பேட்டில் ஏற்றியிருக்கிறேனே தவிர, அதன் பொருளைப் பற்றி ஒரு கணமும் எண்ணவில்லை. மூன்று பதிவுகளுக்கும் என் விடை, "மிக நன்று, செல்லமே" என்பதுதான்.

[முற்பகல் 11:10] நான்: அப்பா, என்னிடமும் சொல்லியிருப்பாள். காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு வரை நிற்காமல் பேசுகிறாள் என்பதால், நானும் "ஆமாம் கண்ணு, அப்படியா கண்ணு" என்று கை வேலையைப் பார்த்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன். இப்போது போய் அவன் வலக் காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சிவந்திருக்கிறது, வாடையும் வருகிறது. தொட்டதும் தலையை இழுத்துக்கொண்டான்.

[முற்பகல் 11:11] பாப்பா அப்பா: காரை எடுக்கிறேன்.

[மாலை 5:26] நான்: மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். வலது காதுத்துளையில் தொற்று. நல்ல வலி இருந்திருக்கும் என்றார். மனிதர்களின் காதுத்துளையைப் போலில்லாமல், நாயின் காதுத்துளை முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பிறகு உள்நோக்கி மடங்குவதால், உள்ளே போகும் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லையாம். லாப்ரடார்போலக் காது தொங்கும் நாய்களுக்குக் காற்றோட்டமும் குறைவு. சென்ற ஞாயிறு அவனைக் குளிப்பாட்டியபோது பாப்பா ஒரு குவளை நீரை அவன் காதில் ஊற்றினாள் என்பதைச் சொன்னேன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். நாள்தோறும் இரு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். பஞ்சுக்குச்சியை உள்ளே விடவே கூடாது, அது அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடுமாம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் காட்ட வேண்டும்.

[மாலை 5:31] சித்தி: பாவம், வலியோடு இருந்தவன் காதிலேயே போய் இவள் கதை சொல்லியிருக்கிறாள். காலையில் நான் எழுதியது கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்கமாட்டேன். காது ஆறியதும் எல்லாம் பழையபடி என்று நீங்கள் இருந்துவிடக் கூடாது. வலி இல்லாத நாளிலும் அவனுக்குத் தூக்கம் என்று ஒன்று உண்டு. சாப்பாட்டுத் தட்டு என்று ஒன்று உண்டு. அந்த இரண்டு நேரங்களிலும் இவள் கை அவன்மேல் படக் கூடாது. மூன்றடி தொலைவில் துணி மடிப்பது பார்த்துக்கொள்வதாகாது, கண்ணு.

[மாலை 5:34] நான்: அந்தக் கடைசி வாக்கியம் குத்தியது. குத்த வேண்டியதுதான்.

[மாலை 5:50] பாப்பா அப்பா: சின்ன அத்தை, குழந்தைக்காக மாடிப்படியில் போட்டிருந்த தடுப்புக் கதவைக் கழற்றிக் கருப்பனின் மூலைக்குப் போட்டுவிட்டேன், மாடிப்படிக்கு வேறொன்று வரும் வரை, மாடி அறைகளைப் பூட்டிவிட்டுக் கீழேயே இருக்கப் போகிறோம். கருப்பனின் மூலைக்கு அவன் நினைத்தபோது போகலாம். பாப்பா போக முடியாது. செம்பியைப் பொறுத்தவரை கவலை வேறு விதமானது. அவள் பாப்பாவை விட்டு நகர்வதே இல்லை, ஏனென்றால் பாப்பாவின் கையிலிருந்து ஏதாவது விழுந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் உலர்திராட்சையும் சாக்லேட்டும் பாப்பாவின் தட்டுக்கே வருவதில்லை. அவை நாய்க்கு நஞ்சு.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 8:12] நான்: முதல் நாள் சொட்டு மருந்துப் படலம் நடந்து முடிந்தது. இவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் மருந்தை விட்டுவிட்டுக் காதின் அடிப்பகுதியை மெதுவாகத் தேய்த்துவிட்டேன். உதறியதில் பாதி என் புடவையில். தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பாப்பா, தனக்கும் காது உவ்வா என்று உடனே அறிவித்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். வெறும் விரலை வைத்து ஒரு சொட்டு விட்டதாகப் பாவனை செய்த பிறகுதான் விட்டாள்.

[காலை 8:15] அம்மா: கருப்பன் இப்போது எப்படி இருக்கிறான்? குழந்தையைப் பார்த்தால் விலகிப் போகிறானா?

[காலை 8:19] நான்: அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அம்மா. பாப்பா கம்பிக்கு இப்பால் தரையில் உட்கார்ந்து, "கப்பன், வேணாமா?" என்று கேட்டாள். இரண்டாவது முறை கேட்டபோது அவன் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, கம்பியை ஒட்டினாற்போல், வலிக்கும் காதை அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டு படுத்தான். இவள் கதையைத் தொடங்கிவிட்டாள். செம்பி இவள் காலை மெத்தையாக்கிக்கொண்டு தூங்குகிறாள். நான் எந்தத் துணியும் மடிக்கவில்லை.

[காலை 8:21] அப்பா: அந்தக் கதையைப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. இம்முறை முழுவதும் கேட்கிறேன்.

[காலை 8:29] நான்: அனுப்பிவிட்டேன், அப்பா. ஏழு நிமிடம் வருகிறது. நான்காவது நிமிடத்தில் உங்களைப் பற்றி ஒரு புகார் இருக்கிறது.