பயாஸில் 8 ஜிபி, உள்ளே போனால் மூன்று சொச்சம்: ரேமைக் குறைத்து பூட் செய்த கதைகள்

உவர்மலையான்:
பழைய டெஸ்க்டொப், லினக்ஸ் போட்டே தந்தார்கள். கடைப் பெயர் வேண்டாம், டவுனில்தான். பயாஸ் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் புரோகிராம்) 8 ஜிபி ரேம் என்கிறது, லினக்ஸுக்குள் போய் ரேம் அளவைக் காட்டும் ஃப்ரீ கட்டளை அடித்தால் மூன்று சொச்சம். ஒன்போர்ட் கிராபிக்ஸ் எடுத்திருக்கும் என்றான் அக்கா மகன், அதற்காக இவ்வளவையுமா விழுங்கும்? கடைசியில், பூட் ஆகும்போது கேர்னலுக்கு (லினக்ஸின் மையப் புரோகிராம்) கொடுத்த கட்டளைகளைக் காட்டும் சிஎம்டிலைன் கோப்பை புரொக் கோப்புறையில் திறந்தேன். நீளமாக ஓடிய அந்த ஒற்றை வரியில் குவையட், ஸ்பிளாஷ் எல்லாம் தாண்டி வால்முனையில் மெம்=4ஜி, ரேமுக்கு வரம்பு போடும் கட்டளை. யாரோ கையால் அடித்து வைத்தது. கிரப் மெனுவில் (லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரின் மெனு) ஈ அழுத்தி அதை அழித்து எஃப்10 கொடுத்தேன், முழு ரேமும் வந்தது, பிரவுசரில் நாலைந்து டேப் திறந்ததும் அப்படியே உறைந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டால் 5 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளில் பழுது என்று திரை முழுக்கச் சிவப்பு வரிகள். கடையில் கேட்டேன். "இப்ப வேலை செய்யுதுதானே தம்பி?" என்கிறார். செய்கிறதுதான், ஆனால் 8 ஜிபிக்கல்லவா காசு வாங்கினார்!

நிலாவெளி வாசி:
கம்பஸில் எங்கள் புரொஜெக்ட் பழைய மெஷினில் ஓடுமா என்று பார்க்க மெம்=512எம் போட்டுப் பூட் செய்வோம். ஒரு நாள் நண்பன் அடித்ததில் எம் விடுபட்டுவிட்டது. வெறும் 512 என்றால் கேர்னலுக்கு அது 512 பைட். கறுப்புத் திரை, ஒரு எழுத்துக்கூட வரவில்லை, அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஈ அழுத்திப் போட்டது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் என்பதால் ரீஸ்டார்ட் செய்ததும் சரி.

கிண்ணியா நானா:
உவர்மலையான் தம்பி, கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று. மெம்=4ஜி என்றால் 4 ஜிபி தா என்று அர்த்தம் இல்லை, எக்ஸ்86இல் (இன்டெல், ஏஎம்டி வகைப் புரொசசர்கள்) அது முகவரியின் உச்சவரம்பு. 4 ஜிபிக்குக் கீழே ஒரு பகுதியை பிசிஐ சாதனங்கள் (கிராபிக்ஸ், நெட்வேர்க் கார்ட் போன்றவை) பிடித்துக்கொள்ளும், அதனால்தான் உமக்கு மூன்று சொச்சம். அவர் செய்தது கள்ளம் இல்லை, அரைகுறை வேலை. பழுதான துண்டை மட்டும் மெம்மேப் என்ற கேர்னல் கட்டளை போட்டு ஒதுக்கியிருந்தால் மிச்சம் எல்லாம் கிடைத்திருக்கும். அதில் அளவு, பிறகு டொலர் குறி, பிறகு தொடக்க முகவரி. டொலர் குறியை கிரப் தின்றுவிடும், முன்னால் பேக்ஸ்லாஷ் போட வேண்டும், எத்தனை என்பது எந்தக் கோப்பில் எழுதுகிறீர் என்பதைப் பொறுத்தது, எழுதி அப்டேட்-கிரப் ஓடவிட்டு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு சிஎம்டிலைனில் டொலர் இருக்கிறதா என்று கட்டாயம் பாரும். முகவரியைக் கணக்குப் போட அலுப்பென்றால் மெம்டெஸ்ட்=4 என்று கேர்னலுக்கே கொடுக்கலாம், பூட் ஆகும்போதே சோதித்துப் பழுதானதை ஒதுக்கிவிடும், ஆனால் கொஞ்ச நேரம் எடுக்கும்.

மூதூர்க்காரன்:
நானா, அவர் கேட்டது கடைக்காரர் சொல்லாமல் விற்றதைப் பற்றி. வாங்கும்போதே சொல்லியிருந்தால் அது ரிப்பேர், சொல்லாவிட்டால் கள்ளம்தான், அதில் என்ன அரைகுறை?
விண்டோஸிலும் இதே கூத்து உண்டு. மருமகளின் லப்டொப் ஆமை மாதிரி ஊர்ந்தது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ரேமில் பாதிக்கு மேல் ஹார்ட்வேர் ரிசர்வ்ட், அதாவது விண்டோஸுக்கே கிடைக்காத பகுதி. எம்எஸ்கொன்ஃபிக், பூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய்ப் பார்த்தேன், ரேமுக்கு வரம்பு போடும் மெக்ஸிமம் மெமரியில் டிக். ஸ்பீட் கூடும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்களாம்! டிக்கை எடுத்தேன், முடிந்தது.

உவர்மலையான்:
நானா, மெம்மேப் இந்த வாரம் போட்டுப் பார்க்கிறேன். காசு விஷயத்தில் மூதூர்க்காரன் பக்கம்தான் நான்.

கிண்ணியா நானா:
அதற்கு முன்னால் ரேமைக் கழற்றி முனையை அழிறப்பரால் துடைத்து ஸ்லொட் மாற்றிப் பாரும், கடற்காற்றுப் பிடித்திருந்தாலும் மெம்டெஸ்ட் சிவப்புத்தான் காட்டும். கள்ளமா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம்.