ஆய்வேடு ஏறிடும், மிச்சம் இருக்கிற ஆடியோ, நோட்டு, போட்டோவ எல்லாம் எங்க போடறது?

கண்மாய்க்கரை:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் பிஎச்டி வைவா (வாய்மொழித் தேர்வு) முடிஞ்சுது. தமிழ்த்துறை, சிவகங்கை ராமநாதபுரம் பக்கத்து கண்மாய்ப் பாசனச் சொற்கள்தான் தலைப்பு. ஆய்வேடு ஷோத்கங்காங்கிற ஆய்வேட்டுத் தளத்துல ஏறிடும், அதுக்கு சிடி குடுத்தாச்சு. என் கேள்வி அத பத்தி இல்ல.

அஞ்சு வருசமா ஊர் ஊரா அலைஞ்சு சேர்த்தது 43 மணி நேரம் ஆடியோ இருக்கு, போட்டோ ரெண்டாயிரத்துக்கு மேல, கள நோட்டு பதினொண்ணு, அப்புறம் ஒரு எக்செல் ஷீட்ல 1,900 சொல்லு, எந்த ஊர்ல சொன்னாங்க, சொன்னவங்களுக்கு என்ன வயசு, என்ன வேலைன்னு எல்லாம் போட்டு வச்சிருக்கேன். ஆய்வேட்டு பின்னிணைப்புல 300 சொல்தான் போட முடிஞ்சுது. ஒரு ஊர்ல நீர்பாய்ச்சியா இருந்த தாத்தா ஒருத்தர், எண்பது வயசு தாண்டினவரு, மடை முழுசா திறந்திருந்தா எப்படி சத்தம் வரும், பாதி அடைச்சா எப்படி வரும், உள்ள கல்லு சிக்கியிருந்தா எப்படி வரும்னு வாயாலயே செஞ்சு காட்டினாரு. ராத்திரி கரையில படுத்துக்கிட்டே சத்தத்த வச்சே கண்டுபிடிச்சுடுவாராம். இத நான் எழுத்துல எப்படி எழுதுவேன்? "பல்வேறு ஒலிக்குறிப்புகளால் உணர்த்தினார்"னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த பத்திக்குப் போயிட்டேன். போன ஐப்பசில தாத்தா தவறிட்டாரு. அந்தப் பதிவு இப்ப என் பழைய போன்லயும் ஒரு பென்டிரைவ்லயும் மட்டும்தான் இருக்கு.

நெறியாளர்கிட்ட கேட்டா "அதான் ஆய்வேடு இருக்கேம்மா"ங்கறாரு. எங்க லைப்ரரில கேட்டா பிடிஎஃப் தவிர எதையும் வாங்கறதில்லன்னுட்டாங்க. ரெபாசிடரி, அதான் பல்கலைக்கழகம் ஆய்வுகள சேர்த்து வைக்கிற இணையக் களஞ்சியம், அதுன்னா ஆய்வேடும் கட்டுரையும் மட்டும்தானா? வெளிய வேற என்னெல்லாம் வைக்கறாங்க? எங்க போடறது?

அட்டவணை:
தங்கச்சி, முதல்ல வாழ்த்துகள். நான் 18 வருசமா ஒரு பல்கலைக்கழக நூலகத்துல இருக்கேன், ரெபாசிடரி வேலதான் பாதி நேரம். ஷோத்கங்கா வேற, ரெபாசிடரி வேற, நம்ம ஊர்ல ரெண்டையும் ஒண்ணாவே நினைச்சுட்டாங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

ஷோத்கங்கா காந்திநகர்ல இருக்கிற இன்ஃப்ளிப்நெட்ங்கிற யுஜிசி மையம் நடத்தறது. 2009 யுஜிசி விதிமுறையில, பட்டம் குடுத்த 30 நாளைக்குள்ள ஆய்வேட்டோட மென்படிய அனுப்பணும்னு வந்துச்சு, அதுக்கப்புறம்தான் இவ்வளவு குவிஞ்சுது. உள்ள போய் ஒரு ஆய்வேட்ட திறந்து பாருங்க, தலைப்புப் பக்கம் ஒரு ஃபைல், சான்றிதழ் ஒரு ஃபைல், இயல் இயலா தனித்தனி ஃபைல்னு வரிசையா நம்பர் போட்டு வந்து கடைசில 80ன்னு நம்பர் போட்ட ஒரு ஃபைல்ல முடியும். ஆய்வேட்டுக்குன்னே செஞ்ச பெட்டி அது. அதுல உங்க 43 மணி நேரத்த வைக்கறதுக்கு இடம் இல்ல, அத குறையா சொல்லவும் முடியாது, அதோட வேல அதுதான்.

ஆனா ஒரு பல்கலைக்கழகம் தனக்குன்னு வச்சுக்கிற ரெபாசிடரி அப்படி இல்ல. இங்கிலாந்துல சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்துல 2000ல ரெபாசிடரி நடத்தறதுக்கு இப்ரின்ட்ஸ்னு ஒரு மென்பொருள் செஞ்சாங்க, 2002ல எம்ஐடி நூலகமும் எச்பி கம்பெனியும் சேர்ந்து அதே வேலைக்கு டிஸ்பேஸ் கொண்டு வந்தாங்க. இந்தியாவுலயும் ரொம்ப முன்னாடியே, 2002லயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல (ஐஐஎஸ்சி) இப்ரின்ட்ஸ் வச்சு ஆரம்பிச்சுட்டாங்க. டிஸ்பேஸ்ல எந்த வகை ஃபைலா இருந்தாலும் போடலாம், மென்பொருள்ல தடையே கிடையாது. பிடிஎஃப் மட்டும்தான்னு சொல்றது அந்தந்த நூலகத்தோட முடிவு. வெளிய நல்லா நடத்தற இடங்கள்ல பத்திரிகைக்கு அனுப்பின கட்டுரையோட கையெழுத்துப் படி, மாநாட்டு போஸ்டர், தொழில்நுட்ப அறிக்கை, தரவு, புரோகிராம், வரைபடம், பாடக்குறிப்பு, இசை, நேர்காணல் எல்லாம் இருக்கும். அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல பழைய பேராசிரியர்கள உக்கார வச்சு பேச வச்ச வாய்மொழி வரலாறு தனித் தொகுப்பாவே இருக்கு, அத படிச்சா அந்தக் காலத்து ஆய்வுக்கூடத்துல யார் யாரோட சண்டை போட்டாங்கங்கிறது வரைக்கும் தெரியும்.

நம்ம பக்கம் எனக்கு வயித்தெரிச்சல் எம்ஃபில் ஏடுங்கதான். 2022 விதிமுறையோட எம்ஃபில்லையே நிறுத்திட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி எழுதினது? ஒரு ஊரோட தாலாட்டு, ஒரு கோயிலோட திருவிழா, ஒரு வட்டாரத்து வழக்குச்சொல்னு சின்னச் சின்னதா எடுத்து பிள்ளைங்க உசுரக் குடுத்து எழுதினது எத்தனையோ துறை பீரோவுல பூச்சி அரிச்சுட்டு கிடக்கு. அத ஸ்கேன் பண்ண ஆளு கேட்டு நான் எழுதின கடிதமே ஒரு ஃபைல் தேறும்.

இன்னொண்ணு, உங்க எக்செல் ஷீட் யூனிகோட்லதானே இருக்கு? இருந்தா பெரிய புண்ணியம். பழைய தமிழ் ஆய்வேடுங்க பாதி வேற வேற எழுத்துருல அடிச்சது, பிடிஎஃப்ல பாக்கறதுக்கு தமிழா இருக்கும், காப்பி பண்ணி ஒட்டினா ஒண்ணுமே புரியாத குறியெல்லாம் வரும், அப்ப தேடினா எப்படி கிடைக்கும்?

குவார்க்கு:
நான் இயற்பியல், தமிழ்த்துறை விசயம் தெரியாது, ஆனா எங்க பக்கம் நடக்கறத சொல்றேன். எங்களுக்கு பத்திரிகையில அச்சாகி வர்றதுக்கு முன்னாடியே கட்டுரைய ஆர்கைவ் (arXiv)ங்கிற தளத்துல போட்டுடறது பழக்கம், 1991ல அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துல ஆரம்பிச்சது, 2001ல கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறுச்சு. ரஷ்யக் கணிதர் பெரெல்மான், புவான்கரே ஊகம்ங்கிற பெரிய கணிதப் புதிருக்கு குடுத்த நிரூபணம் 2002லயும் 2003லயும் மூணு கட்டுரையா அங்கதான் வந்துச்சு, எந்தப் பத்திரிகைக்கும் அவரு அனுப்பவே இல்ல. அதனால பத்திரிகையில வந்தாத்தான் ஆய்வுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆய்வேடு தூங்கும்னு நினைக்கறதும் தப்பு. ஹாக்கிங்கோட 1966 ஆய்வேட்ட கேம்பிரிட்ஜ் தன் ரெபாசிடரில 2017 அக்டோபர்ல எல்லாருக்கும் திறந்து விட்டப்ப, வந்த கூட்டத்துல தளமே படுத்துடுச்சு. 51 வருசம் கழிச்சு!

உங்க கேள்விக்கு நேர் பதில்: சொந்தப் பல்கலைக்கழகம் வாங்கலன்னா ஜெனோடோங்கிற ரெபாசிடரில போடுங்க, யாரு வேணா போடலாம். செர்ன்ங்கிற ஐரோப்பிய அணு ஆய்வு மையம் நடத்தறது, 2013ல இருந்து இருக்கு, காசு கிடையாது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரைக்கும் வழக்கமாவே குடுப்பாங்க, டிஓஐன்னு மாறாத ஒரு அடையாள நம்பரும் வரும். அந்த நம்பர் வந்தா உங்க சொல் பட்டியல யாரு பயன்படுத்தினாலும் கட்டுரைய மேற்கோள் காட்டற மாதிரியே காட்டலாம். பின்னாடி சொல்லு சேர்த்தாலும் பழைய பதிப்பு பழையபடியே இருக்கும், புதுசுக்கு தனி நம்பர் விழும். எக்செல்லோட கூட சிஎஸ்வியாவும், அதாவது வெறும் எழுத்து ஃபைலாவும், ஒரு படி போடுங்க, இருபது வருசம் கழிச்சும் எதுலயாவது திறக்கும்.

வடமராட்சி:
தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். பென்டிரைவில மட்டும் கிடக்குது எண்டு வாசிச்ச உடன நெஞ்சு பதைக்குது. 1981 இல எங்கட பொது நூலகம் எரிஞ்சபோது வேற பிரதி இல்லாத ஓலைச்சுவடியளும் சேர்ந்துதான் போச்சு. ஒரு பொருள் ஒரு இடத்தில மட்டும் இருக்கிறது எண்டால் இல்லாததுக்குச் சமம். ரெபாசிடரி எது எண்டு ஆறுதலா யோசிக்கலாம், இண்டைக்கே மூண்டு பிரதி எடுத்து மூண்டு வேற வேற வீட்டில வையுங்கோ.

எங்கட பல்கலைக்கழக ரெபாசிடரியில மாநாட்டுக் கட்டுரையளும் சஞ்சிகைக் கட்டுரையளும் கனக்க இருக்குது. நான் தேடேக்க படுற பாடு தலைப்பாலதான். ஒருத்தர் தமிழில போட்டிருப்பார், இன்னொருத்தர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில போட்டிருப்பார், மற்றவர் மொழிபெயர்த்துப் போட்டிருப்பார். உங்கட சொற்களுக்கு மூண்டு விதமாயும் போட்டுவிடுங்கோ. கண்மாய், மடை எண்டு நீங்கள் எழுதிறதை இஞ்ச இருந்து ஒருத்தர் குளம், துருசு எண்டு தேடுவார், அவருக்கும் அகப்பட வேணும்.

குரல்வழி:
மொழியியல் ஆளு நான், இந்த ஆடியோ விசயத்துல கொஞ்சம் அனுபவம் உண்டு. ஆடியோவ வைக்கறதுக்குன்னே இடங்கள் இருக்கு. ஆஸ்திரேலியாவுல சிட்னி, மெல்போர்ன், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் மூணும் சேர்ந்து 2003ல ஆரம்பிச்ச பாரடிசெக், பசிபிக் பக்கத்து சின்ன மொழிகளோட பழைய டேப்ப எல்லாம் காப்பாத்தி வச்சிருக்கு, ஆய்வாளர் வீட்டு பரண்ல கிடந்த டேப்பெல்லாம் அங்க போயிருக்கு.

நம்ம பக்கத்துலயே பாருங்க, 1913க்கும் 1929க்கும் நடுவுல இந்திய மொழிகள கிராமபோன் தட்டுல பதிவு பண்ணினாங்க, கிரியர்சன்ங்கிற மொழியறிஞரோட இந்திய மொழி ஆய்வுக்காக, சென்னை மாகாணமும் அதுல உண்டு. பைபிள்ல வர்ற கெட்ட குமாரன் கதைய ஒவ்வொரு மொழிலயும் ஒருத்தர் சொல்லுவாரு. இன்னிக்கு அத சிகாகோ பல்கலைக்கழகத்து தெற்காசிய மின்னூலகத்துல கேக்கலாம். நூறு வருசத்துக்கு முந்தின மனுசன் குரல், மூச்சு விடறது கூட கேக்குது. பதிவு பண்ணினவங்க ஏதோ ஒரு காரணத்துக்குப் பண்ணினாங்க, நாம இப்ப வேற காரணத்துக்குக் கேக்கறோம். உங்க தாத்தாவோட மடைச் சத்தமும் அப்படித்தான், நாளைக்கு ஒரு நீரியல் பொறியாளர் கேப்பாரு, யாரு கண்டா.

ஆனா ஒரு விசயம், ஏத்தறதுக்கு முன்னாடி பேசினவங்க சம்மதம் வேணும். ஆய்வுக்குன்னு பேசினது வேற, உலகம் பூரா கேக்கப் போறது வேற. தண்ணித் தகராறு, சாதிப் பேச்சு, யாரு யாரு மடைய உடைச்சாங்கங்கிறதெல்லாம் பேச்சுவாக்குல வந்திருக்கும், அந்தப் பகுதிய பூட்டி வைங்க, ஜெனோடோலயே ஃபைல மட்டும் மூடி வச்சு விவரத்த மட்டும் காட்டலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் தேதி, ஊரு, பேசினவர் வயசு, என்ன கேட்டீங்க, பின்னாடி என்ன சத்தம்னு ஒரு பத்தி எழுதுங்க. இத இப்பவே செய்யணும், ரெண்டு வருசம் கழிச்சு உங்களுக்கே எந்த ஊருன்னு மறந்து போயிடும். போன்ல பதிஞ்ச ஒரிஜினல அழிக்காதீங்க, அதுல இருந்து ஒரு டபிள்யூஏவி (சுருக்காத ஆடியோ) படி எடுத்து அதையும் சேர்த்து வைங்க.

கண்மாய்க்கரை:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. வடமராட்சி அண்ணா, நேத்து ராத்திரியே ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி ஏத்திட்டேன், ஒண்ணு அம்மா வீட்டுல, ஒண்ணு தோழி வீட்டுல, மூணாவது எங்கிட்டயே. துருசுங்கிற சொல்ல இப்பதான் முதல்ல கேக்கறேன், ஷீட்ல தனி பத்தி போட்டு சேர்த்துட்டேன். எக்செல் யூனிகோட்தான், அட்டவணை அண்ணா.

குரல்வழி சொன்னது மனசுல தைச்சுது. காலைல தாத்தாவோட மகனுக்கு போன் பண்ணி சம்மதம் கேட்டேன். அப்பா குரல் ரெக்கார்டிங் இருக்குன்னே அவருக்குத் தெரியாதாம். முதல்ல எனக்கு அனுப்புங்க, மத்தத அப்புறம் பேசிக்கலாம்னாரு. அனுப்பிட்டேன். சாயங்காலம் கூப்பிட்டு, பேத்திக்கு போட்டுக் காட்டினோம், தாத்தா பேர போட்டே ஏத்துங்கன்னு சொன்னாரு.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இந்தச் சொற்கள வச்சு ஒரு கட்டுரை பத்திரிகைக்கு அனுப்பியிருக்கேன். தரவ இப்பவே ஏத்தினா அவங்க வேணாம்னு சொல்லிடுவாங்களா?

அட்டவணை:
தரவுதானே ஏத்தறீங்க, கட்டுரைய இல்லையே. நிறைய பத்திரிகைங்க இப்ப தரவு எங்க இருக்குன்னு அவங்களே கேக்கறாங்க. இருந்தாலும் பயமா இருந்தா எம்பார்கோ போட்டுடுங்க, ஆறு மாசமோ ஒரு வருசமோ தேதி குறிச்சீங்கன்னா அன்னிக்கு தானா திறக்கும், நம்பர் மட்டும் இப்பவே கிடைக்கும், கட்டுரைலயும் போட்டுக்கலாம். ஆடியோவுக்கு அந்தப் பிரச்சன இல்ல, சம்மதம் வந்ததுங்கள ஒவ்வொண்ணா இந்த வாரமே ஏத்துங்க. நம்பர் வந்ததும் இங்க போடுங்க, எங்க நூலகத்து அட்டவணைல நான் சேர்க்கறேன்.