கேனரித் தீவுகளிலிருந்து தனிப்பயணம்: நவம்பர் 30 பாதுகாப்பான எல்லையா?

பாய்மரத்தான்:
லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனுக்குத் தனியாகப் பாய்மரப் படகு செலுத்துபவர் நவம்பர் 30 வரை துறைமுகத்தில் காத்திருந்தால் போதும், அதன்பின் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று கரையோரன் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரேனும் கடலில் இறங்கிவிடுவார்களே என்ற எரிச்சலில்தான் எழுதுகிறேன். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்னும் அட்லாண்டிக் புயல் பருவம் மனிதர் வகுத்த கணக்கு. 2005 நவம்பர் 28 அன்று டெல்டா புயலின் எச்சம் அதே கேனரித் தீவுகளை உலுக்கி, கிரான் கனாரியாவின் கரையில் நின்ற ‘கடவுளின் விரல்’ என்னும் பாறைத்தூணை முறித்துப் போட்டது.

கரையோரன்:
இருபத்தெட்டு முப்பதுக்கு முந்தையது, ஐயா. நான் சொன்னபடி காத்திருந்தவர் அன்று கடலில் இருந்திருக்கவே மாட்டார். என் கருத்துக்கு நீங்களே சான்று தேடித் தந்திருக்கிறீர்கள், நன்றி.

பாய்மரத்தான்:
அதே ஆண்டில் எப்சிலான் புயல் டிசம்பர் 2 அன்று ஹரிக்கேனாக, அதாவது கடும் சூறாவளியாக, வலுத்தது. வலுவிழந்துவிடும் என்று முன்னறிவிப்பாளர்கள் சொல்லச் சொல்ல, அது நாள்கணக்கில் தாக்குப்பிடித்தது. ஸீட்டா டிசம்பர் 30 அன்று தோன்றி ஜனவரி 6 வரை நடு அட்லாண்டிக்கில் அலைந்தது. 2016 ஜனவரியில் அலெக்ஸ் ஹரிக்கேனாக வலுப்பெற்று அசோர்ஸ் தீவுகளை நோக்கிச் சென்றது. இவையெல்லாம் முப்பதுக்கு முந்தையவையா?

கரையோரன்:
அபூர்வங்களை அடுக்கினால் யாரும் படகை அவிழ்க்கவே முடியாது. டெல்டாவை நீங்கள்தான் எடுத்தீர்கள். அது நவம்பர் 28. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நீள்கடல்:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். ஏ.ஆர்.சி. என்னும், அட்லாண்டிக்கைக் கூட்டாகக் கடக்கும் பாய்மரப் படகு அணி ஆண்டுதோறும் நவம்பரிலேயே லாஸ் பால்மாஸிலிருந்து செயின்ட் லூசியாவுக்குப் புறப்படுகிறது. கொலம்பஸ் 1492-இல் கேனரித் தீவுகளில் ஒன்றான லா கோமேராவை விட்டது செப்டம்பர் 6 அன்று, புயல் பருவத்தின் உச்சத்தில்.

கரையோரன்:
அந்த அணியின் படகுகளில் முறைவைத்து விழித்திருக்க ஆட்கள் உண்டு. நாம் பேசுவது தனியாள் பயணத்தைப் பற்றி. கொலம்பஸ் தப்பியது அதிர்ஷ்டம், அதை வழிகாட்டியாகக் கொள்ள முடியாது.

பாய்மரத்தான்:
தனியாள் என்பதால்தான் தேதியை நம்பக் கூடாது என்கிறேன். ஏறத்தாழ 2,700 கடல் மைல் தூரத்தை மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் கடக்க இருபத்திரண்டு நாளுக்கு மேலாகும். முன்னறிவிப்பை ஓரளவு நம்பக்கூடியது முதல் ஐந்தாறு நாட்களுக்கு மட்டுமே. ஆகவே காத்திருப்பதன் பயன், தீவுகளின் இடுக்கில் காற்று திடீரென வலுக்கும் பகுதிகளைத் தாண்டி, தெற்கே வணிகக் காற்றை, அதாவது மேற்கு நோக்கி நிலையாக வீசும் காற்றை, எட்டும்வரை வானிலை ஒத்துழைக்கும் ஓர் இடைவெளியைத் தேர்ந்துகொள்வதில்தான் இருக்கிறது. வடக்கே ஒரு தாழ்வழுத்தம் ஆழமாக இறங்கி வணிகக் காற்றைக் குலைத்துக்கொண்டிருந்தால், டிசம்பர் 10 ஆனாலும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. வெண்ணெய் உருகும்வரை தெற்கே போய்ப் பிறகு மேற்கே திரும்பு என்ற பழைய மாலுமிகளின் விதியில் தேதியே கிடையாது. கொலம்பஸைப் பேசுவதானால் 1502-ஐப் பேசுங்கள்: சான்டோ டொமிங்கோவில் புயல் வருவதை உணர்ந்து அவர் எச்சரித்தார், ஆளுநர் ஒவாண்டோ கேளாமல் கப்பல்களை அனுப்பியதால் அந்த அணியின் பெரும்பகுதி மூழ்கியது. ஒதுங்கிக் காத்திருந்த கொலம்பஸின் கப்பல்கள் தப்பின.

கரையோரன்:
கடல் நங்கூரம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் வரலாறு பேசிவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் தராமல் போனீர்கள். புதியவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தெளிவான எல்லை வேண்டும். பல காப்பீட்டு ஒப்பந்தங்களும் தேதியை வைத்தே எல்லை வகுக்கின்றன.

பாய்மரத்தான்:
அந்த விவாதத்தில் என் பதில் இன்னும் இருக்கிறது, நீங்கள்தான் படிக்கவில்லை. காப்பீடு இழப்புக்குப் பணம் தரும், படகைக் கரை சேர்க்காது.

நீள்கடல்:
செப்டம்பர் 6 பற்றி நான் சொன்னதற்கு இருவருமே நேராகப் பதில் சொல்லவில்லை.

கரையோரன்:
டெல்டா நவம்பர் 28. அதை மறுக்க முடிந்தால் மறுங்கள்.

பாய்மரத்தான்:
ஸீட்டா டிசம்பர் 30. உங்கள் சொல்லை நம்பி டிசம்பர் நடுவில் தனியாகப் புறப்பட்டவர் அன்று எங்கே இருந்திருப்பார் என்பதைக் கடல் வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள்.